'கேன்' என்றால் முடியுமா, தெரியுமா, செய்யலாமா?

சிங்கப்பூருக்கு வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே எல்லாருக்கும் ஒட்டிக்கொள்ளும் ஆங்கிலச் சொல் 'கேன்'. யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தர வேண்டியதில்லை. கோப்பிக்கடையில், ஆள் ஏற்றும் லாரியில், தங்கும் விடுதி வாசலில், தேக்கா சந்தையில் மீன் வெட்டுகிறவரிடம் என்று எங்கே போனாலும் காதில் விழுவது அதுதான். "கேன்?" என்று கேட்கிறார்கள், "கேன்" என்று பதில் வருகிறது, காரியம் நடந்துவிடுகிறது.

ஞாயிறு மாலைகளில் சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில், வேலை அனுமதியில் வந்திருக்கும் தம்பிகள் சிலருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ஆரம்பத்தில் எல்லாப் புத்தகத்திலும் இருப்பதுபோலத்தான் நானும் சொன்னேன்: 'கேன்' என்றால் 'முடியும்'. பலகையில் எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவேன். இப்போது அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் ஒரு முழு வகுப்பை ஒதுக்குகிறேன். அதற்குக் காரணமானவர் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் இடக்கை விரல்கள் இரண்டில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். மூன்று தையல். என்ன ஆச்சு என்று கேட்டேன். வேலையிடத்தில் கம்பி அறுக்கும் கட்டிங் மெஷினைக் காட்டி, "யூ கேன்?" என்று சூப்பர்வைசர் கேட்டிருக்கிறார். இவர் "கேன்" என்றிருக்கிறார். அதுவரை அந்த மெஷினைத் தொட்டதே இல்லை.

"தெரியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே தம்பி?"

"தெரியுமான்னு அவர் கேக்கலையேக்கா. செய்ய முடியுமான்னு கேட்டாரு. கை கால் நல்லாத்தானே இருக்கு, முடியும்னு சொன்னேன்."

இந்தப் பதிலை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவர் பொய் சொல்லவில்லை. பயந்துபோய்த் தலையாட்டவும் இல்லை. நான் பலகையில் எழுதிப்போட்ட பொருளை அப்படியே நம்பியிருக்கிறார். சூப்பர்வைசர் கேட்டது 'உனக்கு இது தெரியுமா' என்று. தம்பி காதில் விழுந்தது 'உன்னால் முடியுமா' என்று. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்.

முதலில் 'தெரியும்'

தமிழில் நாம் "நீச்சல் தெரியுமா?", "கார் ஓட்டத் தெரியுமா?", "மலாய் பேசத் தெரியுமா?" என்றுதான் கேட்போம். "நீந்த முடியுமா?" என்று கேட்டால் அர்த்தமே வேறு. காய்ச்சலில் கிடந்து எழுந்தவரிடம், காலில் அடிபட்டவரிடம் கேட்கிற கேள்வி அது. கற்றுக்கொண்ட திறமைக்குத் 'தெரியும்', உடம்பும் நேரமும் சூழ்நிலையும் இடம் கொடுப்பதற்கு 'முடியும்' என்று நம் மொழி இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டு இடத்திலும் "கேன் யூ ஸ்விம்?" என்பதுதான்.

இது ஏன் இப்படி என்று தேடிப்போனால் அழகான ஒரு விஷயம் கிடைக்கிறது. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் 'குன்னன்' என்று இருந்தது. அதற்கு அன்றைக்கு இருந்த பொருளே 'தெரிந்திருத்தல், அறிந்திருத்தல்' என்பதுதான். அங்கிருந்து 'செய்யத் தெரிந்திருத்தல்' என்று நகர்ந்து, பிறகுதான் 'செய்ய முடிதல்' என்று விரிந்தது. ஜெர்மன் மொழியில் இன்றைக்கும் 'எனக்கு ஜெர்மன் தெரியும்' என்று சொல்ல "இஷ் கன் டாய்ட்ச்" என்கிறார்கள். அந்தக் 'கன்'னும் நம்முடைய இந்தக் 'கேன்'னும் உடன்பிறப்புகள். தந்திரக்காரர் என்ற பொருளில் 'கன்னிங்' என்கிறோமே, அதுவும் இந்தக் குடும்பம்தான். முதலில் அதற்கு 'விஷயம் தெரிந்தவர்' என்றுதான் பொருள். 'அறிவது' என்னும் பொருளுடைய 'நோ'வும் இவர்களுக்குச் சொந்தம். எழுதும்போது அதன் முன்னால் சத்தமில்லாமல் நிற்கும் 'கே' எழுத்து அந்தப் பழைய உறவின் தடயம். இன்னும் பின்னோக்கிப் போனால், சமஸ்கிருதம் வழியாகத் தமிழுக்கு வந்த 'ஞானம்' என்ற சொல்லும் இதே வேரில் போய் முட்டுகிறது.

'கேன்' என்பதும் 'ஞானம்' என்பதும் தூரத்துச் சொந்தம் என்று வகுப்பில் சொன்னால் முதலில் யாரும் நம்புவதில்லை. ஆனால் அதற்குப் பிறகு யாரும் மறப்பதும் இல்லை. அதனால் நான் இப்போது 'கேன்' என்பதன் முதல் பொருளாகப் பலகையில் எழுதுவது 'தெரியும்' என்பதைத்தான். 'முடியும்' அடுத்த வரியில் வரும்.

அப்புறம் 'முடியும்'

இந்த இரண்டாவது பொருள் எல்லாருக்கும் தெரிந்ததே. "என்னால இந்த மூட்டையத் தூக்க முடியும்" என்றால் "ஐ கேன் லிஃப்ட் திஸ் பேக்". "நாலு மணிக்குள்ள முடிக்க முடியும்" என்றால் "ஐ கேன் ஃபினிஷ் பை ஃபோர்". சிக்கல் இல்லை. ஆனால் தமிழ் பேசும் நாம் திரும்பத் திரும்பத் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு இருக்கின்றன.

ஒன்று, "ஐ கேன் ஏபிள் டு கம்" என்பது. படித்தவர்கள்கூட மின்னஞ்சலில் இப்படி எழுதுவதைப் பார்க்கிறேன். 'கேன்' என்றாலும் முடியும், 'ஏபிள்' என்றாலும் முடியும். இரண்டையும் சேர்த்தால் "என்னால வர முடிய முடியும்" என்று சொன்னது மாதிரி ஆகிவிடும். "ஐ கேன் கம்" அல்லது "ஐ ஆம் ஏபிள் டு கம்", இவற்றில் ஒன்று போதும். ஆனால் 'கேன்' என்ற சொல்லுக்கு எதிர்காலம் கிடையாது என்பதால், "அடுத்த மாசம் என்னால பணம் அனுப்ப முடியும்" என்று சொல்ல "ஐ வில் பி ஏபிள் டு சென்ட்" என்றுதான் போக வேண்டும். இந்த 'ஏபிள்' நாக்கில் பழகிப்போனதால்தான் மற்ற இடத்திலும் வந்து ஒட்டிக்கொள்கிறது என்று நினைக்கிறேன்.

இரண்டாவது தடுக்கல் இறந்தகாலத்தில். 'கேன்' என்பதன் இறந்தகாலம் 'குட்' என்று படித்திருப்போம். அதை நம்பி, "நேத்து ராத்திரி கடைசி ரயிலைப் பிடிக்க முடிஞ்சுது" என்பதை "ஐ குட் கேட்ச் த லாஸ்ட் டிரெயின்" என்று சொல்வோம். கேட்கிறவர் முகத்தில் ஒரு கேள்விக்குறி வரும். பிடித்தீர்களா, இல்லை பிடித்திருக்கலாமே என்கிறீர்களா? ஒரு தடவை நடந்து முடிந்த காரியத்துக்கு ஆங்கிலத்தில் "ஐ வாஸ் ஏபிள் டு கேட்ச்" அல்லது "ஐ மேனேஜ்ட் டு கேட்ச்" என்பார்கள். 'குட்' எதற்கு என்றால், முன்பு நெடுநாள் இருந்த திறமைக்கு. "சின்ன வயசுல நல்லா தென்னை மரம் ஏறுவேன்" என்பது "ஐ குட் கிளைம்ப் கோகனட் ட்ரீஸ்". இல்லை என்று சொல்லும்போது மட்டும் இந்த வேறுபாடு மறைந்துவிடும். "ரயிலைப் பிடிக்க முடியல" என்பதற்கு "ஐ குடுன்ட் கேட்ச்" என்று தாராளமாகச் சொல்லலாம்.

'குட்' என்ற சொல்லை எழுதும்போது நடுவில் ஓர் 'எல்' எழுத்து வரும், வாயில் வராது. முதலில் அந்த எழுத்து அங்கே இல்லவே இல்லை. பக்கத்தில் இருந்த 'வுட்', 'ஷுட்' இரண்டிலும் இருப்பதைப் பார்த்து இதிலும் சேர்த்து எழுதத் தொடங்கினார்கள், அது அப்படியே நிலைத்துவிட்டது. எழுத்துக்கூட்டலில் தப்பு விட்டுவிட்டு வெட்கப்படும் தம்பிகளுக்கு இதை நான் தவறாமல் சொல்வேன்.

'லாம்' என்று ஒரு சின்னக் கடல்

செய்யலாம், போகலாம், வரலாம். தமிழில் வினைச்சொல்லின் வாலில் ஒட்டும் இந்த 'லாம்' செய்கிற வேலைகள் பல. அனுமதி கொடுக்கும்: "உள்ள வரலாம்." சாத்தியத்தைச் சொல்லும்: "இன்னிக்கு மழை வரலாம்." கூப்பிடவும் செய்யும்: "வாங்க, சாப்பிடலாம்." ஆங்கிலத்துக்கு மாற்றும்போது இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் போய்விடும்.

அனுமதியை எடுத்துக்கொள்வோம். நான் படித்த தொடக்கப்பள்ளியில், கழிப்பறைக்குப் போக "கேன் ஐ கோ டு த டாய்லெட்?" என்று கேட்டால் விடமாட்டார்கள். "மே ஐ" என்று கேட்க வேண்டும். இங்கே வளர்ந்த பலருக்கும் இந்த நினைவு இருக்கும். போக முடியுமா என்று உன் உடம்பைக் கேள், போகலாமா என்றுதான் என்னைக் கேட்க வேண்டும் என்பது ஆசிரியர்களின் கணக்கு. கண்டிப்பான பழைய இலக்கணப்படி அது சரி. ஆனால் இன்றைய ஆங்கிலத்தில் அனுமதி கேட்க 'கேன்' என்பது எங்கும் வழங்குகிறது, அதில் குற்றமில்லை. 'மே' கொஞ்சம் பணிவு கூடியது, அவ்வளவுதான். அவசரத்தில் கால் மாற்றி நிற்கிற பிள்ளையை அதற்காக நிறுத்தி வைத்திருக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 'மே' என்ற சொல்லுக்கு ஆதியில் இருந்த பொருள் 'வலிமை இருக்கிறது, முடியும்' என்பது. வலிமையைக் குறிக்கும் 'மைட்' அதன் உறவுதான். ஆக, அந்தக் காலத்தில் 'மே' தான் முடியும், 'கேன்' தெரியும். காலப்போக்கில் 'முடியும்' என்ற இடத்துக்குக் 'கேன்' நகர்ந்து வர, 'மே' அங்கிருந்து அனுமதிக்கும் சாத்தியத்துக்கும் போய்ச் சேர்ந்தது. இப்போது அனுமதி என்ற இடத்துக்கும் 'கேன்' வந்துகொண்டிருக்கிறது.

சாத்தியத்துக்கு வருவோம். "இன்னிக்கு மழை பெய்யலாம்" என்பதற்கு "இட் மே ரெயின் டுடே" என்பதுதான் ஆங்கிலம். "இட் கேன் ரெயின் டுடே" என்றால் ஒட்டாது. ஆனால் "டிசம்பரில் இங்கே பலத்த மழை பெய்வதுண்டு" என்று பொதுவாகச் சொல்ல வேண்டுமானால் "இட் கேன் ரெயின் ஹெவிலி இன் டிசம்பர்" என்பது பொருந்தும். 'பெய்வதுண்டு' என்றால் கேன், 'பெய்யலாம், பெய்யக்கூடும்' என்றால் மே. தமிழில் இந்த வேறுபாடு உங்களுக்கு ஏற்கெனவே கைவந்தது. ஆங்கிலத்தில் எதை வைப்பது என்று மனப்பாடம் செய்ய வேண்டாம், தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்தால் போதும்.

அலுவலகக் கடிதங்களில் 'மே' வரும்போது நிதானமாகப் படியுங்கள். "யுவர் அப்ளிகேஷன் மே பி ரிஜெக்டட்" என்ற வரியைப் பார்த்துவிட்டு, விண்ணப்பம் போய்விட்டது என்று கண்கலங்கி வந்து நின்ற ஓர் அக்காவை நான் பார்த்திருக்கிறேன். அந்த வரி சொன்னது, கேட்ட தாள்களைத் தேதிக்குள் கொடுக்காவிட்டால் நிராகரிக்கப்படலாம் என்றுதான். அன்றைக்கே தாள்களைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

எதிர்மறையிலும் இப்படி ஒரு கிளை உண்டு. "ஹி கான்ட் பி அட் ஹோம்" என்றால் "அவர் வீட்டில் இருக்கவே முடியாது", எனக்கு நிச்சயம். "ஹி மே நாட் பி அட் ஹோம்" என்றால் "வீட்டில் இல்லாமலும் இருக்கலாம்", எனக்குச் சந்தேகம். இரண்டையும் மாற்றிப்போட்டால் நண்பரைத் தேடிப் போகிறவர் வீணாக அலைவார்.

கேட்கும் தொனி

"கேன் யூ ஹெல்ப் மீ?" என்று ஒருவர் கேட்டால் அவர் உங்கள் ஆற்றலை விசாரிக்கவில்லை, உதவி கேட்கிறார். "குட் யூ ஹெல்ப் மீ?" என்றால் அதே வேண்டுகோள் இன்னும் மென்மையாக. 'குட்' என்று வந்துவிட்டதால் நேற்றைய சங்கதி என்று நினைத்துவிடக் கூடாது. தமிழில் நாம் "கொஞ்சம் உதவி பண்றீங்களா?" என்று கேட்போம். "உதவி பண்ண முடியுமா?" என்றும் கேட்கலாம், ஆனால் அதில் கொஞ்சம் விறைப்பு உண்டு. அதுவும் "கொஞ்சம் பேசாம இருக்க முடியுமா?" என்று கேட்டால் அது வேண்டுகோளே இல்லை, அதட்டல். ஆங்கிலத்திலும் "கேன் யூ பி கொயட்?" அப்படித்தான். சொல் ஒன்றானாலும் தொனி இடத்துக்கு இடம் மாறும்.

கண்ணாலும் காதாலும் உணர்வதற்கும் ஆங்கிலத்தில் 'கேன்' வந்து நிற்கும். போனில் "கேன் யூ ஹியர் மீ?" என்றால் "கேக்குதா?" என்று பொருள். "ஐ கான்ட் சீ" என்றால் "எனக்குத் தெரியல, மறைக்குது". இவற்றில் 'முடியும்' என்பதைத் தேட வேண்டாம். "ஐ கான்ட் ஃபைண்ட் மை கார்ட்" என்பதும் "என் அட்டையைக் காணோம்" என்பதுதான். அதுபோல "கான்ட் அஃபோர்ட்" என்றால் கட்டுப்படியாகாது, "கான்ட் ஸ்டாண்ட்" என்றால் சகிக்கவில்லை, "கான்ட் வெயிட்" என்றால் எப்போது வரும் என்று ஆவலாக இருக்கிறது. இந்தக் கடைசி ஒன்றைக் கோபம் என்று எடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

நம்மூரில் தண்ணீர் வரும் 'கேன்' வேறு சொல். பாத்திரம் என்ற பொருளில் தனியாக வந்தது. எழுத்தும் உச்சரிப்பும் ஒன்று, உறவு எதுவுமில்லை.

இந்த ஊர்க் 'கேன்'

இனி சிங்கப்பூருக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

வேறு நாட்டு ஆங்கிலத்தில் "கேன் யூ கம்?" என்று கேட்டால் "யெஸ், ஐ கேன்" என்று பதில் வரும். இங்கே "கேன்" என்று மட்டும் வரும். இது குறைப்பட்ட ஆங்கிலம் என்று சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படிப் பார்ப்பதில்லை. மலாயில் "போலே?" என்று கேட்டால் "போலே" என்பதே பதில். மாண்டரினிலும் "கெயி" என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். தமிழில் மட்டும் என்ன? "முடியுமா?" "முடியும்." "வரலாமா?" "வரலாம்." நாமும் கேட்ட சொல்லையே திருப்பிக் கொடுத்துப் பதில் சொல்கிறவர்கள்தான். பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு, ஒரே சந்தையில் பேரம் பேசிப் பழகிய மக்கள் தங்கள் தாய்மொழியின் வழக்கத்தை ஆங்கிலத்துக்குள் கொண்டுவந்து வைத்ததால் பிறந்தது இந்த ஊர்க் 'கேன்'. "கேன் ஆர் நாட்?" என்று கேட்பதும் அப்படித்தான். மலாயில் "போலே தாக்?" என்பார்கள். நாம் "முடியுமா முடியாதா?" என்போம்.

அந்தக் 'கேன்' வாலில் ஒட்டும் ஓரசைச் சொற்களைத்தான் புதிதாக வந்தவர்கள் கவனிக்க வேண்டும். பொருள் முழுக்க அங்கேதான் இருக்கிறது. "கேன் லா" என்றால் "அட, ஆகும், கவலைப்படாதே". "கேன் மெ?" என்றால் "நிஜமாவா? எனக்கு நம்பிக்கை இல்லையே". "கேன் லோர்" என்றால் "சரி, வேற என்ன செய்ய, ஆகட்டும்". "கேன் ஹோர்?" என்றால் "சரிதானே?" என்று உறுதி கேட்பது. "கேன் லே" என்றால் "ஏன், ஆகுமே!" என்று மறுத்துச் சொல்வது.

தமிழர்களுக்கு இது எளிதாகப் பிடிபடும். முடியும், முடியுமே, முடியுமா, முடியும்தான், முடியுமாம், முடியுமோ என்று சொல்லின் வாலில் ஓர் எழுத்தை மாற்றி உறுதியையும் ஐயத்தையும் பிறர் சொன்ன சேதியையும் பிரித்துக்காட்டிப் பழகிய காது நம்முடையது. "லா, மெ, லோர் எல்லாம் நம்ம ஏ, ஆ, ஓ மாதிரிதான்" என்று ஒரு தடவை சொன்னால், வகுப்பில் அடுத்த அரைமணி நேரம் ஒரே உற்சாகம்தான்.

சில தொடர்களை மட்டும் சொல்லுக்குச் சொல் பார்த்தால் ஏமாந்துபோவோம். "டீ ஆல்சோ கேன்" என்றால் "டீயானாலும் சரிதான்". "லைக் தட் ஆல்சோ கேன்?" என்று ஒருவர் கண்ணை விரித்துக் கேட்டால் அது அனுமதி இல்லை. "இப்படியெல்லாமா செய்வாங்க!" என்ற வியப்பு, பல சமயம் கண்டனம். "கேனாட் மேக் இட்" என்பதற்கு வெளிநாட்டில் "என்னால வர முடியாது" என்று பொருள். இங்கேயும் அந்தப் பொருள் உண்டு, ஆனால் ஒரு வேலையைக் காட்டியோ ஆளைக் காட்டியோ சொன்னால் "இது தேறாது" என்று பொருள். பூசிய சுவரைப் பார்த்து மேலாளர் அப்படிச் சொன்னால், செய்து முடிக்க முடியாதாம் என்று நினைத்து "கேன், கேன்" என்று சிரித்துக்கொண்டு நிற்கக் கூடாது. திரும்பப் பூச வேண்டும்.

நல்ல ஆங்கிலம் பேசுவோம் என்ற இயக்கத்தை இந்நாட்டு அரசாங்கம் 2000-ஆம் ஆண்டில் தொடங்கியது. வெளிநாட்டாருக்கும் புரியும் ஆங்கிலம் வேண்டும் என்பது அதன் நோக்கம். நேர்முகத் தேர்விலும் அலுவலக மின்னஞ்சலிலும் "யெஸ், ஐ கேன் டூ இட்" என்று முழுதாகச் சொல்லுங்கள் என்றுதான் நானும் சொல்கிறேன். கோப்பிக்கடையில் "கேன் லா" என்பதே சரி. இரண்டும் தெரிந்திருக்க வேண்டும், எது எங்கே என்றும் தெரிந்திருக்க வேண்டும்.

'கான்ட்' என்னும் வழுக்குப் பாறை

இந்த ஊர் வழக்கத்துக்கு நான் நன்றி சொல்லும் இடம் ஒன்று உண்டு. இங்கே பெரும்பாலோர் 'கான்ட்' என்று சுருக்குவதில்லை. "கேனாட்" என்று இரண்டாவது அசையில் அழுத்திச் சொல்வார்கள். தப்பாகக் கேட்க வழியே இல்லை. வெளியூர் உச்சரிப்பில் பேசுகிறவர்களிடம்தான் ஆபத்து.

என் அத்தைக்கு நடந்தது இது. ஒரு மருந்தகத்தில் தொற்றுக்கு மாத்திரை கொடுத்தார்கள். கொடுத்த பெண் அமெரிக்க உச்சரிப்பில், "யூ கேன்ட் டேக் திஸ் வித் மில்க்" என்று சொல்லியிருக்கிறார். கடைசியில் வரும் 'ட்' அத்தை காதில் விழவே இல்லை. பாலோடு சாப்பிடலாம் என்று புரிந்துகொண்டு, இரண்டு நாள் ராத்திரி பால் காய்ச்சி அதோடுதான் மாத்திரை விழுங்கியிருக்கிறார். நான் மூன்றாம் நாள் போனபோது பொட்டலத்தின் மேல் ஒட்டியிருந்த சின்னத் தாளைப் பார்த்தேன். பாலுடன் சேர்க்க வேண்டாம் என்று இருந்தது. சில வகை நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைப் பாலிலுள்ள சுண்ணாம்புச் சத்து பிடித்துவைத்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது. அத்தைக்கு அன்று காய்ச்சல் விடாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

இதற்குக் காதைப் பழக்க ஒரு வழி இருக்கிறது. 'ட்' சத்தத்தைத் தேடாதீர்கள், வேகமான பேச்சில் அது பெரும்பாலும் முழுங்கிப் போய்விடும். நடுவில் இருக்கும் உயிரொலியைக் கேளுங்கள். 'செய்யலாம்' என்னும்போது ஆங்கிலேயரும் அமெரிக்கரும் 'கேன்' என்று முழுதாகச் சொல்வதில்லை. "யூ கன் டேக்" என்று, ஏகாரம் தேய்ந்து, அடுத்த சொல்லுக்கு ஓடிவிடுவார்கள். 'கூடாது' என்னும்போது அந்த இடத்தில் நின்று "கேன்ட்" என்றோ, பிரிட்டிஷ்காரராக இருந்தால் "கான்ட்" என்று வாயைத் திறந்தோ அழுத்துவார்கள். தேய்ந்து ஓடினால் ஆம், நின்று அழுந்தினால் இல்லை. நம் ஊகத்துக்கு நேர் எதிர். நாம் தெளிவாகக் காதில் விழும் 'கேன்' என்பதைச் சம்மதம் என்று நினைக்கிறோம்.

இருந்தாலும் மருந்து, பணம், கையெழுத்து விஷயத்தில் காதை மட்டும் நம்ப வேண்டாம். திருப்பிக் கேளுங்கள்: "கேன் ஆர் கேனாட்?" அத்தைக்கு இப்போது இது பாடம். மருந்து கொடுக்கிறவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் இந்தக் கேள்வி புரியும், பதிலும் ஒரு சொல்லில் வரும். எழுதும்போது 'கேனாட்' என்பதை இடைவெளி விடாமல், இரண்டு 'என்' சேர்த்து, ஒரே சொல்லாக எழுத வேண்டும்.

மறுபடி அந்த மெஷினுக்கு

தையல் பிரித்த பிறகு அந்தத் தம்பியோடும் மற்றவர்களோடும் உட்கார்ந்து, வேலையிடத்தில் ஒருவர் "யூ கேன்?" என்று கேட்டால் அதற்குள் எத்தனை கேள்வி ஒளிந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தோம். உனக்கு இது தெரியுமா? இப்போது உன்னால் முடியுமா, உடம்பு ஒத்துழைக்குமா, நேரம் இருக்கிறதா? உனக்கு இதற்கு அனுமதி உண்டா? உயரத்தில் ஏறிச் செய்யும் வேலைக்கும் கிரேன் வைத்துப் பாரம் தூக்கும் வேலைக்கும் இங்கே தனியாக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்பதால் மூன்றாவது கேள்வியும் சின்ன விஷயமல்ல. நாலாவதாக ஒன்றும் இருக்கிறது: நான் சொன்னது புரிந்ததா, சரியா? பல சமயம் நாம் "கேன்" என்று சொல்வது இந்த நாலாவது கேள்விக்குத்தான். கேட்டவர் அதை முதல் கேள்விக்கான பதிலாக எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்.

அதனால் தனித்தனியாகச் சொல்ல நாலு சின்ன வாக்கியங்களைப் பழகினோம். புரிந்தது என்றால் "ஓகே, அண்டர்ஸ்டாண்ட்". செய்யத் தெரியும் என்றால் "ஐ நோ ஹவ்". தெரியாது என்றால் "ஐ டோன்ட் நோ ஹவ், பிளீஸ் ஷோ மீ". சீட்டு இல்லை என்றால் "ஐ டோன்ட் ஹேவ் பர்மிட்". வேலையிடத்தின் இரைச்சலில் கத்திச் சொல்லும் அளவுக்கு அவை சுருக்கமாக இருக்க வேண்டும் என்று தம்பிகளே சொன்னார்கள். ஒருவர் எழுந்து நின்று சூப்பர்வைசர் மாதிரி கேட்க, மற்றவர்கள் மாற்றி மாற்றிப் பதில் சொன்னார்கள். "தெரியாதுன்னு சொன்னா ஊருக்கு அனுப்பிடுவாங்களோன்னு பயமா இருக்குக்கா" என்று ஒருவர் சொன்னார். அந்தப் பயத்துக்கு என்னிடம் ஆங்கிலப் பாடத்தில் பதில் இல்லை. ஆனால் "பிளீஸ் ஷோ மீ" என்பதைச் சேர்த்துச் சொன்னால் மறுத்ததாக ஆகாது, கற்றுக்கொள்ளத் தயார் என்று ஆகும் என்று சொன்னேன்.

ஒன்றரை மாதம் கழித்துப் புதுக்கோட்டைத் தம்பி வகுப்புக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்தார். அந்த வாரம் வேறொரு மெஷினைக் காட்டி அதே சூப்பர்வைசர் அதே கேள்வியைக் கேட்டாராம். என்ன சொன்னீர்கள் என்றேன். நாங்கள் பழகிய நாலு வாக்கியமும் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லையாம், தாமாகவே ஒன்றைச் சொல்லியிருக்கிறார்.

"'நவ் கேனாட், பாஸ். கேன் லேர்ன்'னு சொன்னேன்க்கா."

சூப்பர்வைசர் பக்கத்தில் நின்று அரைமணி நேரம் காட்டிக்கொடுத்தாராம்.